தோலுக்கு ஒப்பாரி

12-11-78, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். மலையே தெரியவில்லை. சிலமலை பஸ்சில் ஒற்றைக் காலில் நின்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டில் ஒழுகும் இடங்கள்: ஜன்னலோரம், மருந்து அலமாரி முன், நர்ஸ் நாற்காலி, அதாவது என்னுடையது.

ஏழாம் கட்டில், பேச்சியம்மாள் (இனி பே.). வயது நாற்பதுக்கு மேல், அவளுக்கே சரியாகத் தெரியாது. மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. காய் கிளறும்போது தடுமாறிச் சூட்டுக் குழாய் மேல் விழுந்திருக்கிறாள். வலது கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. புண்ணில் யாரோ இங்க் ஊற்றி ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இங்க்! எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த வைத்தியமோ.

இன்று கட்டுப் பிரித்தோம். அமுக்கிப் பிடிக்க நான்கு பேர். டிரஸ்ஸர் மாயாண்டி அண்ணன் துணியை உரிக்க உரிக்க அவள் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். நாளைக்குத் தொட்டால் மலைக்கே போய்விடுவாளாம்.

போனால் சீழ் பிடிக்கும். பிழைத்தாலும் முழங்கை மடங்கியபடியே ஒட்டிப்போகும். அப்புறம் எந்தக் கையால் காய் கிளறுவாள்? போக விடமாட்டேன்.

13-11, திங்கள்

எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்தது: பாட்டு வைத்துக்கொண்டு பல் பிடுங்கினால் வலி குறைவாம். என் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். பத்து மணிக்குக் கட்டு. பத்து மணிக்கு ரேடியோவில் நெற்பயிரில் பூச்சி. மாயாண்டி அண்ணனுக்கு ராசிங்காபுரத்தில் வயல். இடுக்கியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றுவிட்டார். பே. கத்தல் கொஞ்சமும் குறையவில்லை.

டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

வாங்க: சோப்பு, பேட்டரி 2, செருப்புக்கு வார்.

14-11, செவ்வாய்

கட்டு நேரத்தை எட்டு மணிக்கு மாற்றிவிட்டேன், சினிமாப் பாட்டு நேரம். யாரையும் கேட்கவில்லை. பாட்டும் நல்ல பாட்டுதான். பாதியில் இடது கையால் ரேடியோவைத் தள்ளிவிட்டாள். "எவளோ பாடுறா. வலிக்கிறது எனக்கு."

ரேடியோ மூலை உடைந்தது. எனக்குக் கோபமான கோபம். டீ குடித்த பிறகு, அவள் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. உனக்கு என்ன பாட்டுத் தெரியும் என்று கேட்டேன். எழவு வீட்டுப் பாட்டு மட்டும்தானாம். எஸ்டேட் லய வீடுகளில் யார் செத்தாலும் இவளைத்தான் கூப்பிடுவார்களாம். சரி, அதையே பாடு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம்.

15-11, புதன்

மழை இல்லை. பாடினாள்.

"நாப்பது வருசமா நனைஞ்சாலும் விடலையே,
நெருப்பு தொட்டதுமே என்னைய நீ விட்டியே..."

மூன்றாம் கட்டிலில் பிரசவமான பெண். அவள் அம்மா பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். பச்சைப்பிள்ளை இருக்கும் இடத்தில், உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரியா என்று. நியாயம்தான். என்ன சொல்வதென்று நான் முழித்தேன். பே. முழிக்கவில்லை.

"நான் எங்க செத்தேன்? செத்தது தோலு. அதுக்கு நாந்தான சொந்தம்? நான் அழுகாம வேற எவ அழுவா?"

அந்த அம்மா பிள்ளையோடு கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்து மாயாண்டி அண்ணனுக்கு (இனி மா.) அவள் போட்ட உத்தரவு: வரி முடிந்து இழுவை இறங்கும்போதுதான் துணியை உரிக்க வேண்டும், அதுவரை கை வைக்கக் கூடாது. முதலில் முனகினார். பிறகு பழகிவிட்டது. ஒரு வரி, ஓர் இழுப்பு. அமுக்கிப் பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. வழக்கமாக இருபது நிமிடம், இன்று நாற்பது. ஆகட்டுமே.

வலி குறைந்ததா என்று கேட்டேன். "வலி இருக்கு. பயந்தான் இல்ல. எப்ப இழுப்பாருன்னு எனக்குத் தெரியுதுல்ல."

எனக்கு இன்று சந்தோஷம். ஜாங்கிரி வாங்கித் தின்றேன்.

16-11, வியாழன்

டாக்டர் கூப்பிட்டார். இது ஆஸ்பத்திரியா மயானமா என்றார். தீர்ந்துபோன வலி ஊசி எப்போது வரும் என்று கேட்டேன்.  அது வரும்வரை பாட்டு இருக்கட்டும் என்றேன். ஒப்பாரி கூடாது, இதுதான் உத்தரவு என்றார்.

17-11, வெள்ளி

டாக்டர் பக்கத்தில் நிற்க, பாட்டு இல்லாமல் கட்டு. மறுபடி நான்கு பேர். ரத்தம் கசிந்தது. பே. யாரையும் பார்க்கவில்லை. பத்து மணிக்குச் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நாள் பொறு என்று கெஞ்சினேன். எனக்கு யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை.

இவ்வளவு கோபம் வந்து வருஷக்கணக்காகிறது. தலைவலி. சோறு இறங்கவில்லை.

18-11, சனி

எட்டு மணி. வார்டுக் கதவைச் சாத்தினேன். பாடு என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள், குரல் வரவில்லை. நேற்று வார்டே பார்க்க அவளை அமுக்கினோமே.

மூன்றாம் கட்டில் அம்மா எழுந்தார். இன்னொரு சண்டை என்று நினைத்தேன். பேரப்பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு வந்து, பே.யின் இடது தோளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "ஒத்தையில அழுகப்பிடாது ஆத்தா. எடு."

எடுத்தாள். அந்த அம்மாவும் சேர்ந்து இழுத்தார். ஐந்தாம் கட்டிலும். எனக்குப் பாட வராது, அப்பா செத்தபோதுகூட வாயே வரவில்லை. இன்று இழுவை மட்டும் இழுத்தேன். கண்ணாடி நனைந்து, புண்ணின் அளவை எழுதக் கண் தெரியவில்லை.

மா. அண்ணன் வரி தப்பாமல் உரித்தார். வெளியே டாக்டர் கதவைத் தட்டினார். முடிந்த பிறகு திறந்தேன். மேலே எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

22-11, புதன்

முழங்கை பாதி நீளுகிறது. பாட்டுக்கு நடுவில் நீட்டிப் பயிற்சி. மூன்றாம் கட்டில் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் அந்த அம்மா காலை பஸ்சில் வந்துவிடுகிறார். குடை ரிப்பேர்.

4-12, திங்கள்

நிர்வாகத்திலிருந்து மெமோ. தடுத்த பிறகும் வார்டில் ஒப்பாரிக்கு இடம் கொடுத்தது ஏன், வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது. மா. அண்ணன் சொன்னார்: "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதிருங்க சிஸ்டர், வெரசா சோலி முடிஞ்சிரும்." மூன்று தாள் கிழித்தேன். எழுதிக் கொடுத்தது:

ஐயா, ஏழாம் கட்டில் நோயாளியின் தோல் இறந்தது உண்மை. அதற்கு அழுதது உண்மை. நானும் அழுதேன். அவருடைய முழங்கை இன்று முழுதாக நீண்டது. நாளை காலை எட்டு மணிக்கும் பாடுவோம்.