தர்ஷினி விதைத்த உங்கள் செண்டுப்பூ

என் அன்பான ராஜேஸ்வரி அக்கா,

நாம் இருவரும் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. நீங்கள் போன பிறகு உங்கள் கணவரைக் கட்டிக்கொண்டு, மொனராகலையிலிருந்து லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தவள் நான். சுவரில் இருக்கும் படத்தில்தான் உங்களைத் தெரியும். உங்கள் குரல் எப்படி இருக்கும் அக்கா?

நான் வந்தபோது வாசல் பாத்தியில் புல்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. ஆனால் உங்கள் மகள் தர்ஷினி, நீங்கள் வளர்த்த கடைசிச் செண்டுப்பூக்கள் செடியிலேயே காய்ந்ததும் பறித்து, ஒரு பால்மா டின்னில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

"விதை பழசாயிட்டா முளைக்காது. போட்டுப் பாப்போமா?" என்று கேட்டேன்.

"அது எங்க அம்மாவோடது. தொடாதீங்க."

நான் தொடவில்லை.

பங்குனியில் ஒருநாள் அவளே டின்னோடு வந்து நின்றாள். "எல்லாம் செத்துப் போயிருக்குமா?" என்றாள். பாதியை மட்டும் போடலாம் என்றேன். புல்லைக் கொத்தி, மண்ணைப் பொடியாக்கி இருவருமாகத் தூவினோம். அன்று பிடித்த மழை பாத்தியையே கரைத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்றும் முளைக்கவில்லை. பிள்ளை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவருக்கு மனம் பொறுக்கவில்லை. "வெலிமடைக்கு லொறியில போற கூட்டாளிகிட்ட நாத்துக் கொண்டுவரச் சொல்றேன். அவ ஸ்கூல் போன நேரம் நட்டுருவோம். புள்ளைக்குத் தெரியவா போகுது?"

"வேணாங்க. அம்மா பூவுன்னு நம்பிப் படத்துக்கு வைப்பா. அதை நான் எப்படிங்க பாத்துக்கிட்டு இருப்பேன்?"

அவர் சுவரில் இருந்த உங்கள் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, என் முன்னால் முதன்முறையாக உங்கள் பெயரைச் சொன்னார்.

"ராஜி முதல்ல யோகட் கோப்பையிலதான் போடுவா. மழைன்னா உள்ளுக்கு எடுத்து வச்சிருவா."

அதை அவரே மகளிடமும் சொன்னார். மிச்ச விதைகளைக் காலித் தயிர்க் கோப்பைகளில் போட்டு ஜன்னலோரம் வைத்தோம். காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய்ப் பார்ப்பாள். ஒருநாள், "ஓடி வாங்க!" என்று கத்தினாள். யாரைக் கூப்பிட்டாளோ? நாங்கள் இருவருமே ஓடினோம்.

முளைத்தது மூன்று. ஒன்றை நத்தை தின்றுவிட்டது. மற்ற இரண்டும் இப்போது பாத்தியில் நின்று பூக்கின்றன. ஒன்று நல்ல மஞ்சள், ஒன்று செம்மஞ்சள். உங்களுக்கு எது பிடிக்கும்? முதல் பூவைத் தர்ஷினியே உங்கள் படத்துக்கு வைத்தாள். படத்தின் கண்ணாடியைத் தன் சட்டையால் துடைத்துவிட்டு நின்றாள்.

நேற்றுக் கொழுந்து எடுத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டம்மா, "யாரு பாப்பா நட்டது?" என்று கேட்டார்.

"எங்க அம்மா பூ. நானும் சின்னம்மாவும் போட்டோம்."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். கை அப்படியே நின்றுவிட்டது அக்கா.

இப்போதெல்லாம் சாப்பிடும்போது அவள் உங்களைப் பற்றிக் கேட்கிறாள், அவர் சொல்கிறார். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் உங்கள் பெயரைச் சொல்ல யாரும் தயங்கும்படி நான் நடந்துகொள்ள மாட்டேன். அவளுக்குத் தாயாக ஆகிவிடுவேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் இருப்பேன். இது சத்தியம்.

நேரில் காணக் கொடுத்துவைக்காத உங்கள் தங்கச்சி,
யோகம்மா