செவலைக் கன்றும் சங்க விதியும்

ஆவணி 9, ஞாயிறு

காங்கயம் மாடு வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் இன்று வாய் திறந்துவிட்டேன். சாம்பல் நிறக் கன்றுகளை மட்டும் பதிவு செய்வதாகப் புது விதி. என் இரண்டு மாதக் கன்றைச் செவலை என்பதால் கலப்பினம் என்று தள்ளிவிட்டார்கள்.

எழுதிக் கொண்டுபோன தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஏனுங்க தலைவரே, காங்கயம் கன்னு செவலையாத்தானுங்க பொறக்கும். ஆறு மாசத்துலதான் நெறம் மாறும்."

தலைவர் பனியன் கம்பெனி முதலாளி. வளர்ந்த காளைகளையே வாங்கிப் பழகியவர். பின்வரிசையில் ஒருவர், "சாயம் மாறுனா சரக்கு திரும்பி வந்துருமுங்கற பயமுங்க அவருக்கு" என்றார். தலைவர்தான் அதிகம் சிரித்தார். விதியை அங்கேயே அடித்து நீக்கினார். கன்று பதிவாகிவிட்டது.

"மீதியையும் நீங்களே திருத்திக் குடுங்க சாமி" என்று விதிப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். சரி என்று சொன்னது நான்தானா? நான்காம் விதியிலும் ஒரு தப்பு இருக்கிறது: காளைகளுக்கும் தினம் கறக்கும் பாலின் அளவை எழுத வேண்டுமாம். பார்த்ததிலிருந்து சிரிப்பு அடங்கவில்லை.