பெட்டியை நம்பாத சர்வர்

ஜூன் 9

காலையில் போனதும் லேப் முதலாளி ராஜமாணிக்கம் சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். எங்கள் லேபிலிருந்து சென்னை மருத்துவமனைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்கூடப் போகவில்லையாம்.

"உன் சர்வர் படுத்துகினு கீது ஆலிமா. நீ என்னா பண்ணிகினு இருக்கே?"

ஓடுகிற வரைக்கும் அவர் சர்வர். நின்றதும் என் சர்வர்!

திரையில் ஒரே பிழை: எதிர்முனை காட்டும் அடையாளச் சான்றிதழை நம்ப முடியவில்லை. தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்தேன். இல்லை.

ஜூன் 10

என் செல்போன் நெட்டில் இணைத்தால் ரிப்போர்ட் போகிறது. லேப் நெட்டில் போகவில்லை. அப்படியானால் கோளாறு சர்வரில் இல்லையே? சான்றிதழைத் திறந்து பார்த்தேன். மருத்துவமனையின் பெயர் இருக்கிறது. கொடுத்தது மட்டும் யாரோ. நடுவில் எவன் உட்கார்ந்திருக்கிறான்?

ஜூன் 11

ரிசப்ஷன் மேசைக்கடியில் ஒரு புதுப் பெட்டி. சாரின் அக்கா வீட்டுக்காரர், அவர் பாவா என்று கூப்பிடும் தணிகைவேல், லீவு நாளில் வந்து மாட்டியிருக்கிறார். வேலை நேரத்தில் யார் என்ன வீடியோ பார்க்கிறார்கள் என்று வேவு பார்க்கவாம். வெளியே போகிற எல்லாவற்றையும் அது வழிமறித்துப் படித்துவிட்டு, தன் சான்றிதழை நீட்டுகிறது. மற்ற கம்ப்யூட்டர்களில் அதை நம்பும்படி பதிந்துவிட்டார். எங்கள் சர்வர் ஓடும் ஜாவா மென்பொருள், யாரை நம்பலாம் என்று தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. அதனால் சர்வர் மட்டும் மறுத்திருக்கிறது. அதைத்தான் எல்லோரும் திட்டினோம், நானும்.

சாரிடம் சொன்னேன். யாருக்கு என்ன நோய், எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள், எல்லாம் தணிகைவேல் பார்க்கலாம் என்றேன்.

"பாவா நம்ம ஆளும்மா. அவரு பாத்தா என்னா? பெட்டியையும் பட்டியல்ல சேத்துடு."

"செய்ய மாட்டேன் சார். மருத்துவமனைக்குப் போறத மட்டும் தொடாம விடச் சொல்லுங்க."

"பாவாகிட்ட நான் போய் சொல்லணுமா? முடியாதுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

என்ன திமிர்! ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுக்கிறார்களே, இவர் பாவாவை நம்பியா கொடுக்கிறார்கள்?

ஜூன் 12

அரக்கோணத்திலிருந்து அருண்பாண்டியன் என்று ஒருவனைக் கூட்டிவந்தார்கள். அவன் பட்டியலைத் தொடக்கூட மெனக்கெடவில்லை. யார் எந்தச் சான்றிதழை நீட்டினாலும் நம்பு என்று எழுதிவைத்துவிட்டான். ரிப்போர்ட் போய்விட்டது. அவனுக்கு டீ, வடை. எனக்கு, "பாத்தியா, எவ்ளோ சுளுவா முடிச்சிட்டான்."

ஜூன் 13

வேலையை விட்டுவிட்டேன். அம்மா பேசவில்லை.

ஜூன் 20

மருத்துவமனைக்குப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். ரிப்போர்ட் ஒழுங்காக வருகிறதே, பிறகு என்ன என்று பதில். நாசமாய்ப் போங்கள்.

ஜூலை 24

சென்னையில் புது வேலை. ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறேன். இன்று வழியெல்லாம் காவடிக் கூட்டம். கால் வலிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி ஞாபகம் வருகிறது. கோபம் துளியும் ஆறவில்லை.

ஆகஸ்ட் 4

சாரின் மனைவி புஷ்பலதா அக்கா போன் செய்தார். அம்மா நலமா, ரயில் கூட்டமா என்று சுற்றி வளைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும் ஆலிமா. நம்ம லேப்ல வேணாம். தணிகைவேல் அண்ணன் கண்ல பட்டுடும். வேற எங்க குடுத்தா வெளிய போவாது?"

"சாருக்குத் தெரியுமா அக்கா?"



"அவருதாம்மா உன்ன கேக்கச் சொன்னாரு."