மொழிபெயர்க்க வந்தவள்

தம்பி,

முழங்கால் அறுவைக்குப் பின் எனக்கு எழுதித் தந்த வலி மாத்திரையை வாங்க, இன்று இங்கே இர்விங் ஊரில் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் சேலையைப் பார்த்துவிட்டு, காது கேளாதவளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி உரக்கப் பேசினாள். கன்னியாஸ்திரீகள் கற்றுத்தந்த ஆங்கிலத்தில் அவளுக்குப் பாடம் நடத்த வாய் திறந்தேன். அதற்குள் குப்பியின் மேலிருந்த பெயர் கண்ணில் பட்டது. உனக்கு முதன்முதலில் கொடுத்ததும் இதே மாத்திரைதான்.

நீ வேலை பார்த்த, பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் கடையில் ஒருவன் உன் நிறத்தைச் சொல்லித் திட்டி, பீர் பெட்டிகள் மேல் தள்ளிவிட்டான். முதுகெலும்பில் விரிசல். போனில் நீ சொன்னபோது நான் முதுகைப் பற்றிக் கேட்கவில்லை.

"நீ என்ன பேசின? இங்கிலீஷ் ஒழுங்கா பேசியிருந்தா அவன் ஏன் திட்டப் போறான்?"

நீ சிரித்தாய். "அவன் கிராமர் பாக்கலக்கா. மூஞ்சியத்தான் பாத்தான்."

வலி குறைந்தது, மாத்திரை உன்னை விடவில்லை. டாக்டர் நிறுத்தியதும் தெருவில் வாங்கினாய். நீ வீட்டுக்கு வருவதை நான் நிறுத்தினேன். விசாரித்தவர்களிடம், ஊருக்கே திரும்பிவிட்டாய் என்றேன்.

பிறகு, போதை மீட்புச் சிகிச்சை இல்லத்தில் குடும்பத்தார் வரும் நாள். நீ கெஞ்சியதால் வந்தேன். நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. உன் பக்கத்தில் ஒன்றை அக்காவுக்கென்று வைத்திருந்தாய். காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நம் தமிழ்ச் சங்கத்துக் கமலா.

"அட, நீங்க எங்க இங்க?"

"இவருக்கு ட்ரான்ஸ்லேட் பண்ண வந்தேன் கமலா. வாலண்டியரா."

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். அப்புறம் ஆலோசகரிடம் திரும்பி, மனதில் இருப்பது தாய்மொழியில்தான் வரும் என்று சொல்லி, என் பொய்யைக் காப்பாற்றினாய். நான் வட்டத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன்.

"மேடம், அவர்கிட்ட சொல்லுங்க. எங்கக்கா நல்லா படிச்சவ. ரோஷக்காரி. இன்னைக்கு வரல. ஆனா கண்டிப்பா ஒருநாள் வந்து என் பக்கத்துல உக்காருவா."

"பாவம். என்ன அக்காவோ!" என்றாள் கமலா, என் காதருகே.

குடும்பத்தின் ஆதரவை எதிர்பார்க்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அடித்தவனைப் பற்றி நீ சொன்னதெல்லாம் 'வேலையிடத்தில் சில சிரமங்கள்' ஆயிற்று. பள்ளியில் அப்படி மொழிபெயர்த்திருந்தால் சிஸ்டர் தாளைக் கிழித்திருப்பார்.

அடுத்த முறை போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. இல்லத்திலிருந்து வெளியே வந்த நீ, தனியறையில், பழைய அளவையே மறுபடி விழுங்கிவிட்டாய். இத்தனை நாள் விட்டிருந்த உடம்பு அதைத் தாங்கவில்லை.

ஆலோசகர்தான் என்னை அழைத்தார். "அவருக்கு ஓர் அக்கா இருக்கிறாராம். அவருடைய போன் எண்ணை மட்டும் கடைசிவரை தரவே இல்லை. அவருக்காக மொழிபெயர்த்தவர் நீங்கள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"நான்தான் அவனுடைய அக்கா" என்றேன்.

இப்போது எல்லோருக்கும் தெரியும். நானே சொன்னேன், கமலாவிடமும். அதனால் மனதின் பாரம் எதுவும் இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து என்னை அக்கா என்றே அழைத்தவன் நீ. கடைசியாக என் முகத்தைப் பார்த்து அழைத்தது 'மேடம்' என்று. அப்படி அழைக்க வைத்தவள் நான். அந்தக் குரல்தான் இப்போது என்னிடம் இருக்கிறது.