இருபத்து நான்கு முட்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

மீனின் செவுளில் இருக்கும் இளம் தட்டைப்புழுவும், அந்த மீனைத் தின்னும் நாரையின் குடலில் இருக்கும் பெரிய புழுவும் வேறு வேறு இனம் என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நாரைப் புழுவை உயிரோடு, கெடாமல் காக்கும் குளிர்ந்த மருந்தில் போடுவது இங்கே வழக்கம். அதில் அது சுருண்டுகொள்ளும். தலையைச் சுற்றியுள்ள முட்களை எண்ணித்தான் இனத்தைச் சொல்வார்கள்; சுருண்டால் அவற்றில் இரண்டு மூன்று மறைந்துவிடும். நான் முதலில் சூடான உப்புநீரை ஊற்றினேன். புழு நன்றாக நீண்டு கிடந்தது. எண்ணினேன், இருபத்து நான்கு முட்கள். மீன் புழுவுக்கும் அதே இருபத்து நான்கு. முப்பது புழுக்களை எண்ணியும் கணக்கு மாறவில்லை. இரண்டும் ஒரே இனம்தான் அப்பா.

தலைமை ஆய்வாளர் தானும் எண்ணிப் பார்த்தார். "இவ்வளவு நாளா நாங்கதான் தப்பா எண்ணியிருக்கோம். லேபிள மாத்திடும்மா. அடையாளம் கண்டவர்ங்கிற இடத்துல உன் பேரப் போடு" என்றார். நாரைக் குடல் நாற்றத்தால் மதியம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அது வேறு விஷயம். கையுறை போட்டுத்தான் தொடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

மூக்குக்கண்ணாடி துடைக்க அம்மாவின் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பேருந்து வரும் நேரம், முடிக்கிறேன். லேபிளில் முழுப்பெயருக்கு இடமில்லை. இரண்டே எழுத்துதான் எழுத முடிந்தது. அதில் முதல் எழுத்து உங்களுடையது.

உங்கள் மகள்