புட்டும் சோறுதான்

டொரொன்டோ

அன்புள்ள பத்மாசனிக்கு,

உம்முடைய முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். தமிழ் வகுப்பு வேலையும் பிழையில்லாமல் போகிறது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வழியனுப்பும்போது, "இந்த வயித்தோட விழுந்தா அங்க ஆர் உங்களைத் தூக்கிறது?" என்று கேட்டீர். அந்தக் கேள்விக்காகவே இங்கே சோற்றை நிறுத்தினேன். ஆனாலும் வயிறு அசையவில்லை. "நான் சோறே தொடுறேல்லைப் பிள்ளை" என்று எங்கள் மகளிடம் முறையிட்டேன். சுதாஜினி என் இரவுச் சாப்பாட்டைப் பார்த்தாள்.

"அப்ப இந்தப் புட்டு என்ன, கீரையே அப்பா?"

ஊரில் இத்தனை வருடம் கணக்குப் படிப்பித்தவன், அரிசியை மாவாக்கினால் அது அரிசியில்லை என்று நினைத்திருக்கிறேன். இப்போது புட்டு ஒரு பிடிதான். மிச்சம் பயறும் மீனும் கீரையும். காலையில் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி இறக்குவேன், கதிரையில் குந்திக் குந்தி எழும்புவேன். எல்லாம் அவள் பொறுமையாகச் சொல்லித் தந்தது. இடுப்பில் சாரத்தை முன்பைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது.

போன கிழமை வகுப்பு முடிந்து வரும்போது பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை, பயப்படாதேயும். தெருவில் ஒருவரும் இருக்கவில்லை. நானே எழும்பினேன். வழியனுப்பும்போது அப்படிக் கேட்டதற்கு உமக்குத்தான் நன்றி. வட்டக்கச்சியில் நீரும் தனியே இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரணைமடு மீன் கருவாடு கொஞ்சம் அனுப்பும். மீன்காரரோடு விலைக்குச் சண்டை பிடித்த கதையையும் எழுதும். பஸ்ஸுக்கு நேரமாகிறது.

நாளைக் காலை குசினிக் கதிரையில் இருந்து, கையூன்றாமல் ஒருதரம் எழும்பிப் பாரும்.

உம்முடைய
வீரகத்தி