குட்டி பிடித்துக்கொள்ளும் முடி

என் சடையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த தினாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மந்தைவெளியில் என் தையல் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தம்பியைக் கரடி அடித்துவிட்டதாமே? இல்லை, லாரி என்கிறேன். பண்ணாரி ரோட்டில், மழையில், பைக்கில் போனபோது லாரி மோதிவிட்டது என்கிறேன். அப்படியா என்று ஏமாந்த முகத்தோடு அளவு ஜாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார்கள்.

சத்தியமங்கலம் காட்டில் ஆறு வருஷம் ஆராய்ச்சி என்று கரடிகளின் பின்னால் அலைந்தாய். ஒன்றுகூட உன்னைக் கீறியதில்லை. கரடி வம்புக்கு வராது, திடீரென்று எதிரே போய் நின்றால்தான் பயத்தில் பாயும், அதனால் சத்தம் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும் என்பாய். அதற்காகக் காட்டுக்குள் கானாப் பாட்டு பாடிக்கொண்டே போவாயாம். உன் குரலுக்குக் கரடி என்ன, காது உள்ள எதுவும் விலகித்தான் போயிருக்கும்.

முதல் வருஷம் நீ லீவில் வந்தபோது என் ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில், கரடியின் எச்சத்தைப் பையில் கட்டி வைத்தாயே, நினைவிருக்கிறதா? வீட்டையே இரண்டாக்கினேன். நீ அசரவில்லை. என் மாவு சல்லடையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக் குழாயடிக்குப் போய்விட்டாய். அலசி அலசி, கறையான் தலை இத்தனை, இலந்தைக் கொட்டை இத்தனை, கொன்றை விதை இத்தனை என்று நோட்டில் எழுதினாய். "இந்த ஒரு உருண்டைல ஒரு தோப்பே கீதுக்கா" என்றாய். கரடி வயிற்றுக்குள் போய் வந்த கொன்றை விதை சீக்கிரம் முளைக்கும் என்று பெயிண்ட் டப்பாவில் ஊன்றிவிட்டும் போனாய். அது இப்போது என் முழங்கால் உயரம் இருக்கிறது. சல்லடையைத்தான் அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டேன். இன்றைக்கு இருந்தால் பூஜை அறையில் வைத்திருப்பேன்.

என் பாப்பாவுக்கு நீ சொல்லிக்கொடுத்த விளையாட்டை அவள் மறக்கவில்லை. கரடிக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது, புற்றை நகத்தால் பிளந்து, மூக்கை இறுக்க மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும் என்று சொல்லி அவள் வயிற்றில் வாயை வைத்து ஊதுவாய். வீடே அதிரும். இப்போது அவள் உன் மாமாவின் தொப்பையில் அதைச் செய்கிறாள். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்க்கிறார்.

இதையெல்லாம் சொல்வது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான். உனக்குத் தெரியாதா என்னை?

அந்தத் தாயத்தைப் பாப்பாவுக்கு நான் ஏன் கட்டினேன் என்று உனக்கு ஒரு தடவையாவது பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி சமயம். லைனிங் துணி வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் வந்த கூட்டத்தில் அவள் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. கால் மணி நேரம். ஒரு வளையல் கடைக்காரர்தான் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து பிள்ளை குக்கர் விசில் அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டு அழுதாள். மூன்று வயதுப் பிள்ளை. டாக்டர் போகப் போகச் சரியாகிவிடும் என்றார். என் மாமியார் கரடி முடி கட்டினால் பயம் விலகும் என்றார். அதே தெருவின் முனையில், நடைபாதையில் துணி விரித்து ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். செப்புக் குழாய், இரண்டு பக்கமும் கறுப்பு முடி நீட்டிக்கொண்டு. பிள்ளையைத் தொலைத்த குற்ற உணர்வில் இருந்தேன். அவன் அந்த நேரத்தில் எதை நீட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன். கரடி முடித் தாயத்தை யாரும் வாங்கக் கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் எனக்கு நினைவே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. வாங்கினேன்.

ஆவணியில் காதுகுத்து. தாய்மாமன் நீ காட்டிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்து, பட்டு வேட்டி கட்டி, அம்மன் கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தாய். உன் மடியில் வைத்துத்தான் மொட்டை அடித்தோம். குளிப்பாட்டி, நீ எடுத்துவந்த புதுப் பாவாடையைக் கட்டிவிட அவளைத் தூக்கினாய். அரைஞாண் கயிற்றில் அது தொங்கியது. உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இன்னாக்கா இது?"

பத்தர் ஊசியோடு காத்திருந்தார். உன் மாமா வீட்டுச் சனம் மொத்தமும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவுத்துடுக்கா. அப்பறம் மடில வெச்சிக்கறேன்" என்றாய். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாய், அதையும் சொல்ல வேண்டும். "அந்த முடி எதுக்கு கீது தெரியுமா? கரடிக்கு முதுவுல மட்டும் நீளமா வளரும். குட்டிங்கோ புட்ச்சிக்கினு போவறதுக்கு. ஆத்தா முதுவுல ஏறிக்கினா புலிகூட கிட்ட வராது. அத்த அறுத்து எம் மருமவ இடுப்புல கட்டிகீற."

என் மாமியார், தாய்மாமன் செய்கிற காரியமா இது என்று ஆரம்பித்தார். எனக்கு மானம் போயிற்று. எல்லார் முன்னாலும், அம்மா இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் என்று என்னைப் பேசியவர்கள் முன்னாலும், என் தம்பி என்னை நிறுத்திக் கேள்வி கேட்கிறான். அதுதான் எனக்குத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"எம் புள்ளைய வுட கரடி உனுக்கு ஒசத்தின்னா, போ. அதுங்க கூடவே போய் இரு."

நீ பாப்பாவை என் கையில் கொடுத்தாய். அவள் மொட்டைத் தலையில் சந்தனத்தைச் சரியாகத் தடவிவிட்டாய். போய்விட்டாய். தம்பி, நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். எத்தனை தடவை எழுதி அடித்தாலும் அது மாறுவதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ போன பிறகு உன் மாமாவின் சித்தப்பா மகன் மடியை நீட்டினார். சாஸ்திரத்துக்கு யார் மடியானால் என்ன என்றார்கள். நான் காது குத்தாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். உன் மேல் அத்தனை கோபத்திலும் வேறொரு மடி எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அந்த ஆட்டோவிலிருந்து உனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். நீதான் முதலில் பேச வேண்டும் என்று நாற்பது நாள் வீம்பாக இருந்தேன். அதன் பிறகு வந்த போன் உன்னுடையது இல்லை.

போன வாரம் கயல் வந்தாள். உன்னோடு காட்டில் வேலை பார்த்த பெண். உன் பை, காக்கிச் சட்டைகள், பூட்ஸ் எல்லாவற்றையும் துவைத்துத் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். பூட்ஸின் அடியில் மட்டும் மண்ணை விட்டுவைத்திருந்தாள். நீ என் மேல் கோபமாக இருந்தாயா என்று கேட்க எனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

"தீபாவளிக்குப் போயி அக்கா முன்னால நின்னாப் போதும், அதுவாச் சரியாயிரும்னு சொல்லுவாருங்க" என்றாள்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது தினா. உனக்கு என்னடா அவசரம்?

பிறகு கயல் நீ மரத்தில் கட்டியிருந்த கேமராவில் பதிவானது என்று ஒரு வீடியோவைத் தன் போனில் காட்டினாள். ஓடையைத் தாண்டி ஒரு கரடி வருகிறது. முதுகில் இரண்டு குட்டிகள். ஒன்று சறுக்கித் தண்ணீரில் விழுகிறது. தாய் நிற்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சும்மா நிற்கிறாள். குட்டி அவள் தோள் முடியைக் கொத்தாகப் பிடித்து, இழுத்து, தொங்கி, மேலே ஏறிக்கொள்கிறது. பிறகுதான் அவள் நடக்கிறாள். பாப்பா அதை ஏழு தடவை போடச் சொன்னாள். நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதின்மூன்று. மழைக்காலத்தில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விடுவேன். என் சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாய். வலிக்கிறது, விடுடா என்று கத்துவேன். விட மாட்டாய். மண்டபத்தில் நீ அந்த முடியைப் பற்றிச் சொன்னபோது இதையும் சேர்த்துத்தான் சொன்னாயா? நான்தான் கரடியைப் பற்றி மட்டும் என்று கேட்டுக்கொண்டேனா?

கயல் போனதும் துணி வெட்டும் கத்தரியால் பாப்பாவின் அரைஞாணிலிருந்து தாயத்தை வெட்டி எடுத்தேன். கயல் போகும்போதே கேட்டாள், அந்த முடியைக் கொடுத்தால் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கரடியா இல்லையா என்று சொல்கிறேன் என்று. நான் கொடுக்கவில்லை. பயம். கரடி முடி என்றால், எங்கோ ஒரு குட்டியின் பிடியை அறுத்ததற்கு நானும் உடந்தை. இல்லை என்றால், ஒன்றுமில்லாத நாருக்காக உன்னை விரட்டியிருக்கிறேன். எதைக் கேட்டு எப்படி இருப்பேன்?

ஆனாலும் தையல்காரி இல்லையா நான். பட்டா நைலானா என்று சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுவது எங்கள் வழக்கம். நைலான் என்றால் உருகி மணியாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும். கடையில் யாரும் இல்லாத மத்தியானத்தில் அதிலிருந்து ஒரே ஒரு முடியை உருவித் தீக்குச்சியில் காட்டினேன்.

உருகவில்லை. சுருண்டு கருகியது. நாற்றம் கடை முழுக்க நின்றது. கரடியா, ஆடா, குதிரையா, எனக்குத் தெரியாது. உயிருள்ள ஏதோ ஒன்றின் மேல் வளர்ந்தது என்று மட்டும் தெரியும். மூக்கில் வைத்துப் பார்த்தே சொல்லியிருப்பாய் நீ. ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன் தினா. ஐந்து மாதத்தில் அப்படி அழவில்லை.

நேற்று ரங்கநாதன் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். இடுப்பில் எதுவும் இல்லை. ஸ்டேஷன் கூட்டத்தைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். நான் குனிந்தேன். முதுகில் ஏறிக்கொண்டாள். நடு ரோட்டில் இந்த வயதில் இதென்ன என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் என் சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உயிர் போகிற வலி. விடு என்று சொல்லவில்லை. தாயத்துக்காரன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் குழந்தையோடு நின்றிருந்த பெண்ணிடம், அந்த முடி எதற்காக வளர்கிறது என்று சொன்னேன். வாங்கினாளா என்று நின்று பார்க்கவில்லை. இனி ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

மிச்ச முடியைக் கயலிடம் கொடுக்கிறேன். அவள் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். பங்குனியில் பாப்பாவுக்குக் காது குத்துகிறேன். உன் காக்கிச் சட்டையை என் மடியில் விரித்து அதில் அவளை உட்கார வைப்பேன். பத்தர் ஊசியை எடுக்கும்போது அழுவாள். என் முடியைப் பிடித்துக்கொள்ளட்டும். உனக்குக் கொடுத்ததுதானே.

'போ' என்று சொன்ன வாயால் 'வா' என்று தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்,
உன் அக்கா